திருகோணமலை: துறைமுகமும் கரைவலையும்

இலங்கையின் வரைபடத்தை விரித்து நோக்குவார்க்குக் கீழ்க்கரையிலே நிலத்தைக் கடல் ஆழக் கடித்துச் சென்றாற்போன்ற ஓரிடம் கண்ணிற் படும். கொட்டியாரக்குடா என்பது அதன் பெயர். மகாவலி கங்கை தன் நெடும் பயணத்தை முடித்துக் கடலோடு கலப்பது அக்குடாவிலேயாம். குடாவின் வடபாலிலே, பசுங்குன்றுகள் நாற்புறமும் வேலியிட, ஒரு குறுகிய வாயிலின் வழியே மட்டும் கடலோடு தொடர்பு கொண்டு கிடக்கும் நீர்ப்பரப்பே திருகோணமலை உள்துறைமுகம். உலகின் இயற்கைத் துறைமுகங்களை எண்ணப் புகுந்தோர் இதனை முதல் வரிசையிலே வைத்தெண்ணினர். வெளியே கடல் எத்துணை கொந்தளிப்பினும் உள்ளே நீர் குளத்து நீர்போல அடங்கியிருக்கும். பெருங்கப்பல்கள் கரையை அணைந்து நிற்கத்தக்க ஆழமும் அதற்கு உண்டு.

புகைவண்டியிலே இவ்வூருக்கு வருபவன் சீனக்குடா நிலையத்தை அடைந்ததும் இந்நகரின் வரலாற்றிற் பாதியைக் கண்ணாற் கண்டுவிடலாம். ஒருபால் விமானத்தளம்; காட்டு மரங்களினூடே வரிசை வரிசையாக இரும்பு எண்ணெய்த் தாங்கிகள்; மறுபால் துறைமுகத்தின் நீலநீர். நகரை அடைந்து, அவ்வுள்துறைமுகத்திற்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி நடந்தால், அரைமணிப் பொழுதுக்குள் முற்றிலும் வேறான கடல் ஒன்று எதிர்ப்படும். அங்கே குன்றுகளின் காவல் இல்லை. வங்கக் கடல் நேரே வந்து மணலில் மோதுகின்றது. கோணேசர் மலை கடலுள் நீண்டு நிற்க, அதன் தென்புறத்தே டச்சுக்குடா. வடபுறத்தே மற்றொரு வளைந்த கடற்கரை. தோணிகள் மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும்; வலைகள் உலரும்; காலை வேளையிற் கயிறு இழுப்போரின் குரல் கேட்கும்.

ஆகவே திருகோணமலை நகரம் ஒரு குறுகிய நிலக்கழுத்தின்மீது, இரு கடல்களுக்கிடையே நிற்கின்றது எனலாம். ஒன்று கப்பல்களின் கடல். மற்றொன்று மீனவரின் கடல். முதற் கடலைப்பற்றி இலிசுபனிலும், ஆம்சுடர்டாமிலும், பாரிசிலும், இலண்டனிலும் ஏராளமாக எழுதி வைத்தனர். இரண்டாவது கடலைப்பற்றி எழுதினோர் மிகச் சிலரே. ஆயினும் இவ்விரு கடல்களின் வரலாற்றையும் நடத்தி வந்தது ஒரே தலைவன்: காற்று. இதனை உணர்ந்தாலன்றி, இச்சிற்றூருக்காக ஐரோப்பிய அரசுகள் ஏன் இருநூறு ஆண்டுகள் பொருதன என்பதும், அவ்வரசுகளெல்லாம் போன பின்னரும் இக்கரையில் எஞ்சியிருப்பது யாது என்பதும் விளங்கா.

கீழ்க்கரை மக்கள் காற்றுகளுக்குப் பெயரிட்டு வைத்திருக்கின்றனர். தென்மேற்கிலிருந்து, நிலத்தைக் கடந்து, வெப்பத்தைச் சுமந்து வருவது கச்சான். வடகிழக்கிலிருந்து மழையோடும் குளிரோடும் வருவது வாடை. கச்சான் வீசுங் காலத்திலே இலங்கையின் மேற்குக் கரை அலைகளாற் கொந்தளிக்கும். கிழக்குக் கடலோ நிலத்தின் மறைவிலே அமைதியுறும். வாடை பிறந்ததும் நிலை மாறும். ஐப்பசி தொடங்கித் தைவரை கிழக்குக் கடல் சீறும். வங்கக் கடலிற் புயல்கள் எழும்.

இந்த வாடைக் காலமே திருகோணமலைக்கு விலை ஏற்றியது. பாய்க்கப்பல்கள் ஓடிய காலத்திலே சோழமண்டலக் கரை முழுவதிலும் புயலுக்கு ஒதுங்கத்தக்க துறைமுகம் ஒன்றும் இல்லை. சென்னையிலே ஆங்கிலேயர் கோட்டை கட்டினர்; புதுச்சேரியிலே பிரெஞ்சுக்காரர் கட்டினர்; நாகப்பட்டினத்தை ஒல்லாந்தர் ஆண்டனர். ஆனால் இவ்வூர்களிலெல்லாம் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஐப்பசி வந்ததும் அவை கரையை விட்டு அகல வேண்டும். ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் பழுதுபார்க்கப் பம்பாய்க்குச் செல்லும். குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு அவை திரும்புவதற்குட் பல திங்கள் கழிந்துவிடும். அத்திங்களில் வங்கக் கடல் காவலின்றிக் கிடக்கும். அக்கடலிலேயே கப்பல்களைக் காத்து வைக்கத்தக்க ஓரிடம் எவன் கையில் இருக்கின்றதோ, அவன் கை ஓங்கும். அவ்விடம் திருகோணமலை.

ஆனால் ஐரோப்பியர் வருவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வூர் புகழ் பெற்றிருந்தது. துறைமுகத்தினால் மட்டுமன்று, மலைமேல் எழுந்த கோயிலினாலும். ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் கோணமலைப் பெருமானைப் பாடியுள்ளார். கடலின் முழக்கத்துக்கு மேலே நின்ற அக்கோயிலின் திருப்பணிகளைக் குளக்கோட்டன் என்னும் மன்னனோடு தொடர்புபடுத்திக் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் பேசுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பாண்டியன் வீரபாண்டியன் இலங்கைமீது படையெடுத்து, கோணமலையிலே தன் இணைக்கயல் இலச்சினையைப் பொறித்தான் எனத் தமிழகத்துக் குடுமியான்மலைக் கல்வெட்டு அறிவிக்கின்றது. இன்றும் கோட்டை வாயிலின் கல்நிலையிலே இரண்டு மீன்களின் உருவங்களைக் காணலாம். அருகிலே, சிதைந்துபோன தமிழ்க் கல்வெட்டொன்றும் உண்டு. கோட்டைக்குட் புகுவோர் பலர் அவற்றைக் கவனியாது போவர். மீன் பிடித்து வாழும் ஊரின் வாயிலிலே மீனே அரச முத்திரையாக நிற்பது தற்செயலாயினும், கண்டவர் மனத்தை விட்டு எளிதில் அகலாது.

கோயிலின் கல் கோட்டையின் கல்லாக மாறியது போர்த்துக்கேயர் காலத்திலேயாம். 1622ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்சுதந்தீனு தெ சா கோணேசர் கோயிலை இடிப்பித்தான். இடித்த கற்களைக்கொண்டே அடுத்த ஓரிரு ஆண்டுகளிற் கோட்டை எழுந்தது. சிற்பமும் எழுத்தும் தாங்கிய கற்கள் மதிலுக்குட் புதைந்தன. சில கடலுள் வீழ்ந்தன. திருமேனிகளை அடியார்கள் மண்ணுள் மறைத்தனர் என்பது செவிவழி மரபு. 1950ஆம் ஆண்டிலே நகரிற் கிணறு தோண்டியபோது வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. ஆறு ஆண்டுகள் கழித்து, மலையடியிற் கடலுள் மூழ்கித் தேடிய மைக்கு வில்சன், ஆதர் சி. கிளார்க்கு ஆகியோர் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். புதுப்பிக்கப்பெற்ற கோயிலுக்கு 1963ஆம் ஆண்டிலே குடமுழுக்கு நிகழ்ந்தது.

போர்த்துக்கேயர் நெடுங்காலம் இங்கு நிலைக்கவில்லை. 1639ஆம் ஆண்டு, கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு நட்புப் பூண்ட ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தனர். பின்னர் அது கண்டியரசன் கைக்கு மாறி இடிக்கப்பட்டது. 1665இல் ஒல்லாந்தர் மீண்டும் வந்து தமக்கென்றே கோட்டையை எழுப்பினர். 1672இற் பிரெஞ்சுத் தளபதி தெ லா கேய் கப்பற்படையோடு கொட்டியாரக்குடாவிற் புகுந்தான். அதே ஆண்டில் ஒல்லாந்தர் அவனது படையினரை வெளியேற்றினர்.

இவற்றுக்கிடையே, 1659ஆம் ஆண்டின் கார்த்திகைத் திங்களிலே, மசூலிப்பட்டினக் கரையில் நின்ற 'ஆன்' என்னும் ஆங்கில வணிகக் கப்பல் வாடைக்காற்றின் புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. புதுமரம் நாட்டுவதற்காக அக்கப்பல் கொட்டியாரக்குடாவுக்கு அனுப்பப்பட்டது. அது மூதூர் அருகே தங்கியிருந்தபோது, 1660ஆம் ஆண்டிலே, கண்டியரசனின் ஆட்கள் கப்பற்றலைவனையும், அவன் மகன் இரொபேட்டு நொக்சையும், மாலுமிகள் சிலரையும் பிடித்துச் சென்றனர். தந்தை சிறையிலேயே இறந்தான். மகனோ பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டிலே வாழ்ந்து, 1679இல் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்றான். அவன் எழுதி 1681இல் இலண்டனில் வெளிவந்த நூல் அக்காலக் கண்டியரசின் வாழ்க்கையை அறிதற்கு இன்றும் முதன்மையான சான்றாகும். ஒரு வாடைப் புயலில் முறிந்த பாய்மரம் ஒரு நாட்டின் வரலாற்று நூலுக்குக் காரணமாயிற்று.

காற்றுக்கும் துறைமுகத்துக்கும் உள்ள உறவு முழுமையாக வெளிப்பட்ட ஆண்டு 1782. அவ்வாண்டின் சனவரியிலே, ஆங்கிலக் கடற்றளபதி எட்வேட்டு கியூசு ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினான். ஆவணியிலே பிரெஞ்சுத் தளபதி சுப்பிரேன் படையை இறக்கி, ஆங்கிலத் துணைப்படை வந்து சேருமுன் கோட்டைகளைப் பணிய வைத்தான். செத்தெம்பர் 3ஆம் நாள், துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பற்படைகளும் கடும்போர் புரிந்தன. வெற்றி தோல்வி தெளிவாகாமலே பொழுது சாய்ந்தது. ஆனால் துறைமுகம் பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. கியூசின் கப்பல்கள் சென்னைக் கரையிலே ஒதுங்க இடமின்றி நிற்க, ஐப்பசிப் புயல் வந்தது. அவன் பம்பாய்க்குச் செல்லும்படி ஆயிற்று.

இங்கே எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. துறைமுகத்தை வென்ற சுப்பிரேன் தானும் அவ்வாடைக் காலத்தை அங்கே கழிக்கவில்லை. தன் கப்பல்களைச் சுமத்திராவின் அச்சே துறைக்குக் கொண்டுபோனான். கப்பற்படைக்கு வேண்டிய உணவும் சரக்கும் திருகோணமலையிற் போதிய அளவு கிட்டாமை அதற்கொரு காரணம். ஆயிரக்கணக்கான மாலுமிகளுக்கு அரிசியும் இறைச்சியும் காய்கறியும் தரத்தக்க நாட்டுப்புறம் துறைமுகத்தைச் சுற்றி அன்று இல்லை. தம்பலகாமத்து வயல்களைக் கடந்தால் நெடுங்காடு. மீனவரும் உழவரும் தம் வயிற்றுக்கும் சுற்றுவட்டாரச் சந்தைக்குமாக உழைத்தனர். உலகின் கப்பற்படைகளையெல்லாம் தாங்கக்கூடிய நீர் இருந்தது. அவற்றை ஊட்டக்கூடிய நிலம் அருகில் இல்லை. துறைமுகத்தின் அளவுக்கு ஊர் ஒருபோதும் வளரவில்லை என்பதே திருகோணமலை வரலாற்றின் முதல் முடிச்சு.

உடன்படிக்கையின்படி ஊர் மீண்டும் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. 1795ஆம் ஆண்டு ஆகத்திலே ஆங்கிலேயர் அதனை முற்றுகையிட்டுப் பிடித்தனர். 1802ஆம் ஆண்டு அமியன் உடன்படிக்கை அவ்வுடைமையை உறுதி செய்தது. கோட்டைக்கு ஆங்கிலேய அரசகுமாரன் ஒருவனின் பெயரால் பிரடெரிக்குக் கோட்டை என்று பெயரிட்டனர். துறைமுக வாயிலைக் காக்கும் ஒசுட்டன்பேர்க்குக் குன்றிலே பீரங்கிகள் நின்றன. 1817இற் பம்பாயிலே தேக்கு மரத்தாற் கட்டப்பட்ட ஆங்கிலப் போர்க்கப்பல் ஒன்று 'திருகோணமலை' என்னும் பெயரைத் தாங்கியது. இங்கிலாந்தின் ஆட்டில்பூல் நகரிலே அக்கப்பல் இன்றும் மிதக்கின்றது.

ஆனால் ஆங்கிலேயர் ஆட்சியில் இத்துறைமுகம் பெருவணிக நகரமாக மலரவில்லை. காரணம் இரண்டு. முதலாவது, நீராவிக் கப்பல் வந்தது. காற்றை எதிர்த்து ஓடவல்ல கப்பலுக்கு வாடையும் கச்சானும் முன்போல் அச்சம் தரவில்லை. இரண்டாவது, மலைநாட்டுக் கோப்பியும் பின்னர் தேயிலையும் கொழும்பை நோக்கி இறங்கின. கொழும்பிலே இயற்கைத் துறைமுகம் இல்லை. ஆயினும் 1875இல் அடிக்கல் நாட்டி, கடலுள் அலைதாங்கி கட்டித் துறைமுகத்தை ஆக்கிக்கொண்டனர். இயற்கை கொடுத்த துறைமுகம் போர்க்கப்பல்களின் காவலிலே உறங்க, மனிதன் கட்டிய துறைமுகம் வணிகத்தால் நிறைந்தது.

துறைமுகம் இவ்வாறு கைமாறிக்கொண்டிருந்த நூற்றாண்டுகளிலே கிழக்குக் கரையில் நடந்தது யாது? அங்கு ஆண்டுதோறும் நடந்தது ஒன்றே. வாடை ஓய்ந்து, பங்குனி அளவிற் கடல் அடங்கியதும் கரைவலைக் காலம் தொடங்கும். கரையிலே ஒவ்வொரு வலைக்கும் உரிய இடத்துக்குப் பாடு என்று பெயர். வலைக்கும் தோணிக்கும் உரியவர் சம்மாட்டியார். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் நிற்போர் பற்றிக்கொள்ள, தோணி வலையை இறக்கிக்கொண்டே கடலுட் சென்று, அரைவட்டமாக வளைந்து, மறுமுனையோடு கரைக்குத் திரும்பும். பின்பு இருபுறமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுப்பர். ஒரு வலை கரையேற மணிக்கணக்காகும். இழுப்பின் களைப்பை ஆற்ற அவர்கள் பாடுவது அம்பாப் பாட்டு. இழுக்க இழுக்க இரு கூட்டத்தாரும் ஒருவரை ஒருவர் நெருங்குவர். இறுதியில் வலையின் மடி மணலில் ஏறும். கீரியும் சூடையும் நெத்தலியும் பாரையும் அதனுள் துள்ளும். விற்ற பணத்திற் செலவு நீக்கி, சம்மாட்டியாருக்கும் உழைத்தோருக்கும் வழக்கப்படி பங்கு பிரியும். எஞ்சிய மீன் உப்பிட்டுக் காய்ந்து கருவாடாகும்.

கச்சான் வீசுங் காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிப்பதால், நீர்கொழும்பு, சிலாபம் முதலிய ஊர்களின் மீனவர் குடும்பத்தோடும் வலையோடும் கிழக்குக் கரைக்கு வந்து, ஓலையால் வாடி அமைத்துத் தங்கித் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். வாடை பிறந்ததும் அவர்கள் தம் ஊருக்கு மீள்வர். உள்ளூர் மீனவர் அக்காலத்திற் பெருங்கடலை விட்டு, தம்பலகாமம் குடாவிலும் களப்புகளிலும் இறாலும் நண்டும் பிடிப்பர். திருக்கடலூரிலும் சல்லியிலும் தமிழர். கிண்ணியாவிலும் மூதூரிலும் முசுலிம்கள். பருவத்தோடு வந்து போகும் மேற்குக்கரையாரும், பின்னாளில் இங்கேயே குடியமர்ந்த சிங்கள மீனவரும். இவர்கள் அனைவர்க்கும் நாட்காட்டி ஒன்றே. கப்பற்படைத் தளபதிகள் கணக்கிட்ட அதே காற்றையே இவர்களும் கணக்கிட்டனர். தளபதிகளின் கணக்கு ஆவணக் களரிகளில் இருக்கின்றது. இவர்களின் கணக்கு நினைவிலே மட்டும் இருக்கின்றது.

இருபதாம் நூற்றாண்டு காற்றுக்கு மேலே மற்றொன்றைக் கொண்டுவந்தது: விமானம். இரு பெரும் போர்களுக்கிடைப்பட்ட காலத்திலே பிரித்தானியர் சீனக்குடாவில் விமானத்தளமும், அருகிலே காட்டினுள் பெரும் எண்ணெய்த் தாங்கிகளும் அமைத்தனர். 1942ஆம் ஆண்டு பெப்புருவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தது. கீழ்த்திசையில் ஆங்கிலக் கப்பற்படைக்கு எஞ்சிய பெருந்துறை திருகோணமலையே. ஏப்பிரல் 5ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்பிரல் 9ஆம் நாட் காலையில், நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் திருகோணமலையின்மேல் தோன்றின. சீனக்குடாத் தளத்திலிருந்து ஆங்கிலப் போர்விமானங்கள் எழுந்து எதிர்த்தன. துறைமுகத்தில் நின்ற 'சகெயிங்கு' என்னும் கப்பல் தீப்பற்றியது. தளத்தின் கட்டடங்கள் அழிந்தன. எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மேல் யப்பானிய விமானம் வீழ்ந்து, அத்தீ ஒரு வாரம் எரிந்ததென்பர்.

தாக்குதலை முன்னறிந்து முதல் நாளிரவே துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் 'எர்மீசு', தெற்கே மட்டக்களப்புக்கு அப்பாற் கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. அக்கப்பலில் மட்டும் 300 பேருக்கு மேல் மாண்டனர். துணையாகச் சென்ற ஆத்திரேலிய நாசகாரிக் கப்பல் 'வம்பயர்' முதலியனவும் மூழ்கின. முந்நூறு ஆண்டுகளாகப் புயலிலிருந்து கப்பல்களைக் காத்த குன்றுகள் வானிலிருந்து வருவதைத் தடுக்க வல்லன அல்ல என்பது அன்று தெளிவாயிற்று. 1944இல் யப்பானியர் பின்வாங்கத் தொடங்கியபோது துறைமுகம் மீண்டும் கப்பல்களால் நிறைந்தது. நிலாவெளி வீதியிலே, உப்புவெளியில் உள்ள போர்க்கல்லறையில் அக்காலத்து இளைஞர் பலர் துயில்கின்றனர்.

இலங்கை 1948இல் விடுதலை பெற்ற பின்னரும், 1947ஆம் ஆண்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி தளங்கள் பிரித்தானியரிடமே இருந்தன. பிரதமர் பண்டாரநாயக்காவின் அரசு அவற்றை மீட்க முனைந்தது. 1957ஆம் ஆண்டு ஒற்றோபர் 15ஆம் நாள் திருகோணமலைக் கடற்படைத் தளமும், அதனையடுத்துக் கட்டுநாயக்க விமானத்தளமும் கையளிக்கப்பட்டன; சீனக்குடாவும் அக்காலத்திலேயே இலங்கைக்கு வந்தது. ஒரு நாட்டுக்கு அது பெருமைக்குரிய நாள். அதே வேளையில், தளத்திலே கூலிபெற்று வாழ்ந்த குடும்பங்களுக்கு அது கவலைக்குரிய நாளுமாயிற்று. கப்பற்படையின் சம்பளத்தை நம்பி வளர்ந்த கடைத்தெரு அடங்கிற்று.

கட்டுநாயக்கவும் சீனக்குடாவும் ஒரே அரசின் விமானப்படைக்காக அமைந்த தளங்கள். இரண்டின் அருகிலும் மீனவர் ஊர்கள் உண்டு. கொழும்புக்கு அண்மையிலிருந்த கட்டுநாயக்க நாட்டின் பன்னாட்டு விமான நிலையமாயிற்று. அதனை அடுத்த நீர்கொழும்பு, வலையோடு விடுதிகளையும் வைத்துப் பிழைக்கக் கற்றுக்கொண்டது. சீனக்குடாவோ விமானப்படையினரின் பயிற்சிக் கழகமாகவே பெரிதும் நிலைத்தது. நீர்கொழும்பு மீனவர் பருவந்தோறும் கீழ்க்கரைக்கு வந்தபோது இவ்விரு ஊர்களின் வேறுபாட்டைத் தம் கண்ணாலேயே கண்டனர்.

பின்னர் வந்த போர்க்காலம் கரையையே மூடிற்று. 1983ஆம் ஆண்டுக்குப் பின் உள்நாட்டுப் போர் மூண்டது. துறைமுகம் கடற்படையின் பெருந்தளம். ஆதலால் அதனைச் சூழ்ந்த நீரெல்லாம் காவலுக்குட்பட்டது. இரவிற் கடலுக்குச் செல்வது தடுக்கப்பட்டது; பகலிற் செல்வதற்கும் அனுமதிச்சீட்டு வேண்டும்; போகத்தக்க தொலைவுக்கும் எல்லை உண்டு. நெத்தலி கரையை அணைவதற்குக் கட்டளை கேட்பதில்லை. வலை போடுவோன் கேட்க வேண்டியிருந்தது. 1987ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலே திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்த் தாங்கிகளும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டன. மீனவரின் பாடுகள் எந்தக் கடிதத்திலும் இடம்பெறவில்லை. 2006ஆம் ஆண்டின் தொடக்கத்திலே நகரக் கடற்கரையில் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். மாலை வேளையில் மக்கள் காற்று வாங்கிய கரை வெறிச்சோடியது. அவ்வாண்டின் நடுவில் மாவிலாற்றிலே தொடங்கிய போரினால் மூதூர், சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்கள் தம் நிலத்துக்கு மீள ஏறத்தாழப் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

போரின் நடுவே, 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. இலங்கை முழுவதும் 30,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. இம்மாவட்டத்திலே நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர் ஆகிய கரைகள் பெருந்துயருற்றன. மீனவரின் குடியிருப்பு நீர்முனையில் இருந்ததால் அலைக்கு முதலிற் பலியானது அதுவே. வீட்டோடு வலையும் தோணியும் போயின. தொழிலை மீண்டும் தொடங்க வேண்டியவற்றையும் கடலே கொண்டு சென்றது.

2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தது. தடைகள் படிப்படியாக நீங்கின. அவ்வாண்டே கிண்ணியாவிலே 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. பல தலைமுறைகளாக வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி நீரைக் கடத்திய பாதை அங்கே ஓய்வு பெற்றது. மூதூரிலிருந்து நகர மருத்துவமனைக்கு வருவதற்கு நாளின் பெரும்பொழுது செலவான நிலை மாறியது. எண்ணெய்த் தாங்கிகளில் 99 எஞ்சியுள்ளன. 2022ஆம் ஆண்டு சனவரியிற் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி அவற்றுள் 61 இலங்கையும் இந்தியாவும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டன. உலகின் கண் மீண்டும் இத்துறைமுகத்தின்மேல் விழுந்திருக்கின்றது.

கரையிலும் மாறுதல்கள் வந்தன. துறைமுகத்தின் உட்புறத்தே கொட்பே மீன்பிடித் துறைமுகத்திற் பலநாட் கலங்கள் நிற்கின்றன; அவை ஆழ்கடலிற் சூரையைத் தேடிச் செல்வன. நிலாவெளியில் விடுதிகள் எழுந்தன. திமிங்கிலம் காண விரும்புவோரைப் படகில் ஏற்றிச் செல்லும் புதுத்தொழில் பிறந்தது. கொட்டியாரக்குடாவுக்கு வெளியே கடலின் அடியில் மிக ஆழமான பள்ளத்தாக்கு இருப்பதால், பெருந்திமிங்கிலங்கள் கரைக்கு அண்மையிலேயே வருகின்றன. மறுபுறத்தே, சுருக்குவலையாலும் வெடியாலும் மீனை வாரிக்கொள்ளுவோர்மேற் கரைவலைக்காரர் முறையிடுகின்றனர். குஞ்சு மீனும் தப்பாத வலைக்குப் பின்னே கரைவலையின் மடிக்கு என்ன எஞ்சும் என்பது அவர்கள் கேட்கும் கேள்வி. காற்றின் கணக்கை அறிந்த முதியோர் குறைகின்றனர். கணக்கை அறியாமலே இயந்திரத்தின் வலிமையால் கடலுக்குச் செல்வோர் பெருகுகின்றனர். கரைவலை இழுக்கும் தொழில் ஒழிந்தால், அதனோடு அம்பாப் பாட்டும், பாட்டின் முறையும், பங்கின் வழக்கும், காற்றின் பெயர்களும் ஒழியும். அவற்றைப் படியெடுத்து வைத்திருக்கும் களரி எந்த ஐரோப்பிய நகரிலும் இல்லை.

துறைமுகத்தின் வரலாற்றை எழுதுவோர், இதனை வைத்திருந்தவர் யார் என்றே கேட்டு வந்தனர். போர்த்துக்கேயர் வைத்திருந்தது பதினைந்து ஆண்டுகள் வரை. ஒல்லாந்தர் நூற்றுமுப்பது ஆண்டுகள் அளவில். பிரெஞ்சுக்காரர் சிறிது காலம். ஆங்கிலேயர் நூற்றறுபத்திரண்டு ஆண்டுகள். இக்கரையில் வாழ்ந்தவர் யார் என்று கேட்டாலோ விடை வேறாகும். அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வாடை ஓய்ந்ததும் தோணியை நீரில் இறக்கியவர்கள். இறக்கக் கூடாதென்று தடுத்த ஆண்டுகளிலும் காற்று மாறியதை அறிந்து கரையிலே நின்றவர்கள்.

பங்குனிக்குப் பின் திருகோணமலைக்குச் செல்லுவோர் துறைமுகத்தைக் காணட்டும். கோணேசர் கோயிலையும் தரிசிக்கட்டும். கோட்டை வாயிலைக் கடக்கையிற் சற்று நின்று, கல்நிலையில் உள்ள அவ்விரண்டு கயல்களையும் நோக்கட்டும். பின்னர் மலையடியிலே, விடியற்பொழுதிலே, டச்சுக்குடா மணலுக்கு இறங்கினால், இரு கூட்டத்தார் கயிற்றைப் பற்றி ஒருவரை ஒருவர் நோக்கி நெருங்குவதைக் காணலாம். இழுப்போர்க்கு ஆட்கள் குறைவாயிருந்தால், வழிப்போக்கரையும் கயிற்றில் ஒரு கை பிடிக்க அழைப்பது கரையின் வழக்கம்.